படம் பிடித்த பொருளும் படிக்காத சொல்லும்

கல்விச் சுற்றுலா நாளன்று மட்டும் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கைத்தொலைபேசி கொண்டுவர அனுமதி கிடைக்கிறது. அன்று நூதனசாலை வாயிலில் நுழையும் வகுப்பைக் கவனித்தால், குறிப்பேட்டை விரித்தவர் ஒருவரிருவராக இருப்பர். ஏனையோர் அனைவரும் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தவாறே உள்ளே செல்வர். கண்ணாடிப் பேழையொன்றின் முன்னால் மாணவன் நிற்கும் நேரம் சில விநாடிகளாகச் சுருங்கிவிட்டது. படம் எடுக்கப்பட்டதும் அப்பொருளோடு இருந்த தொடர்பு முடிந்துவிடுகிறது. அடுத்த பேழைக்கு நகர்கிறான். பேழையின் கீழே மும்மொழியில் எழுதப்பட்ட குறிப்பும் படத்துக்குள் அடங்கிவிடுவதால், அதனைப் பின்னர் வாசிக்கலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு உண்டு. அந்தப் ‘பின்னர்’ பெரும்பாலும் வருவதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

இம்மாற்றத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. மூத்த ஆசிரியர் பலர் கருவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். கைத்தொலைபேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துவிட்டால் பழைய கவனம் திரும்பிவிடும் என்பது அவர்கள் எண்ணம். மற்றொரு சாரார், அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடந்த கலைச்செல்வம் இன்று உழைப்பாளியின் பிள்ளையினது சட்டைப்பைக்குள் வந்துவிட்டதே, இதைவிட ஜனநாயகம் வேறென்ன வேண்டும் என்று கேட்கின்றனர். இரண்டாவது கூற்றுக்கு நல்லதொரு பாரம்பரியமும் உண்டு. ஜெர்மானிய மார்க்சிய அறிஞரான வால்ட்டர் பெஞ்சமின் 1930களில், இயந்திரத்தின் மூலம் பிரதி செய்யப்படும் கலைப்பொருள் தன் தனித்துவ ஒளியை இழக்கிறது என்றும், அவ்விழப்பிலேயே வழிபாட்டின் பிடியிலிருந்து கலை விடுபடும் வாய்ப்பும் இருக்கிறது என்றும் எழுதினார். அவர் காலத்தில் படம் எடுப்பவர் சிலராகவும் பார்ப்பவர் பலராகவும் இருந்தனர். எல்லோரும் எடுக்க, எவரும் பார்க்காத நிலையை அவர் கண்டதில்லை.

இரு சாராரும் கருவியைப் பற்றியே வாதிடுகின்றனர். அக்கருவி எதனைக் கவ்விக்கொள்கிறது, எதனை நழுவ விடுகிறது, நழுவ விடப்படுவது யாருடைய வரலாறு என்ற கேள்விகளை அவர்கள் எழுப்புவதில்லை. கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பொறுத்தவரை இக்கேள்விகளே முதன்மையானவை.

முதலில், ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டிருப்பதைக் கூறுவோம். அமெரிக்காவில் ஃபெயர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர், அப்பல்கலைக்கழக நூதனசாலைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளை 2014இல் வெளியிட்டார். சில பொருட்களைப் பார்க்க மட்டும் செய்யுமாறும், சிலவற்றைப் படமெடுக்குமாறும் மாணவர்கள் பணிக்கப்பட்டனர். மறுநாள் சோதித்தபோது, முழுதாகப் படமெடுத்த பொருட்களைப் பற்றிய நினைவு, வெறுமனே பார்த்த பொருட்களைப் பற்றிய நினைவிலும் குறைந்திருந்தது. நினைவுகூரும் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு மனம் ஓய்ந்துவிடுகிறது என்பதே இதற்கு அவர் கூறிய விளக்கம். கலிபோர்னியாவில் ஜூலியா சோரெஸ், பெஞ்சமின் ஸ்டோர்ம் ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்தைச் சற்றே அசைத்தது. எடுத்த படம் தம்மிடம் தங்காது என்று தெரிந்திருந்தும் மாணவரின் நினைவு குறைந்தே காணப்பட்டது. ஆகவே கருவியை நம்பி ஓய்வது மட்டும் காரணமன்று. படமெடுக்கும் செயலிலேயே கவனம் சிதறுகிறது என்று கருத இடமுண்டு.

ஹென்கலின் ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. நம் பத்திரிகைகள் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படமெடுக்குமாறு பணிக்கப்பட்டபோது நினைவு குறையவில்லை. சட்டகத்துக்கு வெளியே நின்ற பகுதியும் நினைவில் தங்கியிருந்தது. எந்தப் பகுதி என்று தீர்மானிப்பதற்கு மனம் உழைக்க வேண்டியிருக்கிறதல்லவா?

நமக்கு மிகவும் வேண்டிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அலிக்ஸாண்ட்ரா பராஷும் அவருடைய தோழர்களும், செவியில் விளக்கவுரை ஒலிக்க நூதனசாலைக் காட்சியொன்றைச் சுற்றி வந்தவர்களைச் சோதித்தனர். தாம் விரும்பியதைப் படமெடுக்கும் வாய்ப்புப் பெற்றவர்கள், கண்ணால் கண்டதை மற்றவரைவிட நன்றாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆனால் காதால் கேட்டதில் மற்றவரைவிடக் குறைவாகவே அவர்களிடம் எஞ்சியிருந்தது. அதாவது, தன் விருப்பப்படி படமெடுப்பவனுக்குப் பொருள் வாய்க்கிறது. அப்பொருளைப் பற்றிய சொல் கைநழுவுகிறது.

இந்த இடத்தில்தான் நம்முடைய விவகாரம் தொடங்குகிறது. எல்லாப் பொருட்களுக்கும் சொல் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. பொற்பிடியிட்ட வாளுக்குச் சொல் அதிகம் வேண்டியதில்லை. தன் உடைமையாளனின் அந்தஸ்தை அதுவே பறைசாற்றிக்கொள்கிறது. மழுங்கிப்போன கவ்வாத்துக் கத்தியொன்றை அவ்வாறு பேசவைக்க முடியாது. அது யாருடைய கையில் இருந்தது, அந்தக் கை எத்தனை மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்றது, நாளொன்றுக்கு எத்தனை செடி என்று கணக்கு வைத்தவன் யார் என்பன சொல்லால் மட்டுமே தெரியவருபவை. ஆளும் வர்க்கத்தின் வரலாறு பொருளிலேயே பெரும்பாலும் பதிந்திருக்கிறது. உழைக்கும் மக்களின் வரலாறோ சொல்லில் வாழ்கிறது. ஏனெனில் பொருள் என்று சொல்லத்தக்க எதனையும் அவர்கள் சேர்த்து வைக்க விடப்படவில்லை. பொருளைப் பிடித்துச் சொல்லை விடும் ஒரு பழக்கம் பரவும்போது, அதன் இழப்பு இரு வரலாறுகளின் மேலும் சமமாக விழுவதில்லை.

கண்டி தேசிய நூதனசாலையை எடுத்துக்கொள்வோம். தலதா மாளிகைக்கு அருகில், அரச மகளிர் வாழ்ந்த பல்லே வாஹல என்னும் கட்டடத்தில் அது அமைந்துள்ளது. அணிகலன்களும் ஆயுதங்களும் தந்த வேலைப்பாடுகளும் அங்கே மாணவரின் கைத்தொலைபேசிகளை இயல்பாகவே ஈர்க்கின்றன. இவற்றிடையே 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையின் பிரதியொன்றும் உண்டு. அதையும் மாணவர் படமெடுக்கின்றனர். நான் அழைத்துச் சென்ற வகுப்பில் பாதிப்பேருடைய கைத்தொலைபேசியில் அப்படம் இருந்தது. அதிலே என்ன எழுதியிருக்கிறது என்று மறுநாள் வகுப்பில் கேட்டபோது, “கண்டி ராச்சியம் வெள்ளைக்காரரிடம் கொடுக்கப்பட்டது, சேர்” என்ற பாடநூல் வாக்கியத்துக்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அந்தத் தாளில் உள்ளது அவ்வளவுதானா? 1815 மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட அவ்வுடன்படிக்கை, நாயக்க வம்சத்தவனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அரியணையிலிருந்து நீக்கியதோடு நிற்கவில்லை. கண்டி மாகாணங்கள் மீது ‘மலபார்’ இனத்தவருக்கு உள்ள உரிமை அனைத்தும் ஒழிக்கப்பட்டதாகவும் அது அறிவித்தது. தமிழ் பேசும் தென்னிந்தியரைப் பிரித்தானியர் அக்காலத்தில் மலபார்கள் என்றே குறித்தனர். வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் பிரித்தானிய அரசின் அனுமதியின்றி அம்மாகாணங்களுக்குத் திரும்புதல் ஆகாது என்றும் அது தடைவிதித்தது. இத்தனைக்கும் அதில் ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுள் சிலர் தமிழெழுத்தைப் பயன்படுத்தியிருந்தனர். இனம் என்று இன்று நாம் வகுத்துக்கொண்டுள்ள கோடுகள் அந்த அரசவையில் எவ்வளவு குழம்பிக் கிடந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதற்குப் பிந்திய கதையும் சிந்திக்கத்தக்கது. தமிழனுக்கு வாயிலை அடைத்த அதே அரசு, பத்தாண்டு கடந்ததும் கடவாததுமாக அவ்வாயிலைத் தானே திறந்தது. 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில், கம்பளைக்கு அருகேயுள்ள சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிட்டார். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் நசுக்கப்பட்ட சிங்கள விவசாயி, தன் வயலைவிட்டு வந்து வெள்ளையனின் தோட்டத்தில் கூலியாக நிற்க விரும்பவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அவனுடைய சேனை நிலத்தையும் காட்டையும் பறித்துக்கொண்ட பின்னரும் அவன் வரவில்லை. எனவே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் வறிய மக்கள் மன்னாரில் இறக்கப்பட்டு, மாத்தளை வரை காட்டுவழியே நடத்தி வரப்பட்டனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். மலபாருக்கு இடமில்லை என்ற சாசனம் மலபார்க் கூலிக்கு இடமுண்டு என்று மாறியதற்கு ஒரே காரணம் மூலதனத்தின் வசதிதான். நிலமிழந்த சிங்கள விவசாயியின் வரலாறும் நாடிழந்த தமிழ்த் தொழிலாளியின் வரலாறும் முடிச்சிட்டுக்கொள்ளும் இடம் இது. அந்த முடிச்சின் ஒரு நுனி பல்லே வாஹலவின் பேழைக்குள் இருக்கும் அத்தாளில் உள்ளது. மலையக மாணவியொருத்தி அதைத் தன் கைத்தொலைபேசியில் சுமந்துகொண்டு வீடு செல்கிறாள். தன் முன்னோரைப் பற்றிய ஆணையொன்று அதற்குள் இருப்பதை அவள் அறியாள்.

கைத்தொலைபேசி இல்லாத காலத்தில் மட்டும் மாணவர் இதனை வாசித்தனரோ என்று வினவலாம். வாசித்தவர் குறைவே. ஆயினும் அன்று வாசிக்காதவன், தான் வாசிக்கவில்லை என்பதையாவது அறிந்திருந்தான். இன்று படம் கையில் இருப்பதனால், அறிவும் கையில் இருப்பதான தோற்றம் உண்டாகிறது. சேமிப்பைக் கல்வி என்று எண்ணும் இம்மயக்கம் நம் பரீட்சை முறையோடு எவ்வளவு இசைவாகப் பொருந்துகிறது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

படம் மூலப்பொருளுக்கு ஈடாகுமென்றால் பொருள்களைத் திருப்பிக் கேட்கவேண்டிய தேவையே இராது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையிட்டுச் சென்ற லெவ்கேயின் பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் அதன் படத்தைக் காண முடிந்தது. அப்படியிருந்தும் அது கேட்கப்பட்டது. 2023இல் ஏனைய ஐந்து பொருட்களுடன் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 1815இல் பிரித்தானியர் கொண்டுபோன கண்டி மன்னனின் சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்ததும் இவ்வாறே. இவையனைத்தும் கொழும்பில் வைக்கப்பட்டுள்ளன. கண்டி மாணவனுக்கு அவை இன்னும் படங்களாகவே இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

அடுத்ததாக ஹந்தானை. நகரின் தெற்கே மலையேறும் பாதையில், 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று நெடுநாள் கைவிடப்பட்டுக் கிடந்தது. அது புதுப்பிக்கப்பட்டு, 2001இல் இலங்கைத் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. நான்கு மாடிகள். உருளை இயந்திரங்கள், உலர்த்திகள், எஞ்சின்கள் ஆகியன துடைத்து மினுக்கி நிறுத்தப்பட்டுள்ளன. தனிமனிதர் பெயரால் அமைந்த பகுதிகள் ஜேம்ஸ் டெய்லருக்கும் தோமஸ் லிப்டனுக்கும் உரியன. மேல்மாடியில் தேநீர் அருந்திக்கொண்டே மலைத்தொடரைப் பார்க்கலாம்.

இயந்திர வரலாற்றைப் பேணிய வகையில் இது பாராட்டத்தக்க பணியே. இல்லாவிடில் அவ்வியந்திரங்கள் என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் கைத்தொலைபேசிக்கு இதைவிட உகந்த இடம் கண்டிப் பகுதியில் இல்லை என்று கூறின் மிகையாகாது. பித்தளையும் வார்ப்பிரும்பும் ஒளியை வாங்கித் திருப்பி வீசுகின்றன. ஒவ்வோர் இயந்திரத்தின் முன்னும் மாணவன் தன்னையே சேர்த்துத் தன்படம் எடுத்துக்கொள்கிறான். பின்னணியில் இயந்திரம், முன்னணியில் அவன். நடுவில் இருக்கவேண்டிய மனிதர், அதாவது அவ்வியந்திரத்தின் வாயில் இலை கொட்டியவரும் அதன் சூட்டில் இரவுபகலாக நின்றவரும், படத்திலும் இல்லை. அவர் இல்லை என்ற உணர்வும் எழுவதில்லை. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டு தானே உயிருள்ளதுபோல் நடமாடும் என்று மார்க்ஸ் கூறியதை விளக்குவதற்கு, நிறுத்தி வைக்கப்பட்ட இயந்திரத்தோடு எடுத்த தன்படத்தைவிட நல்ல உதாரணம் நம் வகுப்பறைக்குக் கிடைக்காது.

இங்கே குறை கைத்தொலைபேசியினது மட்டுமன்று. தேயிலைத் தொழிலின் தலையாய கருவி எது? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்ற பெண்ணின் விரல்கள்தாம். தொழிற்சாலை எத்தனை மாடி உயர்ந்தாலும் அவ்விரல்கள் காலையில் மலைமீது அசையாவிடில் உருளை சுழலாது. விரலைப் பேழையில் வைக்க முடியாது. ஆகவே இயந்திரத்தைக் கொண்டு தேயிலையின் வரலாற்றைச் சொல்ல முற்பட்ட எந்த நூதனசாலையும் அவ்வரலாற்றின் பாதியைச் சொல்லால் நிரப்பியே ஆகவேண்டும். சொல் வாசிக்கப்படாத காலத்தில் அப்பாதியும் வெறுமையாகிறது.

கம்பளைப் பக்கம் பாரதெக்கவில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை முற்றிலும் வேறு வகையானது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் அதனை 2007இல் நிறுவியது. பழைய லயக் காம்பராக்களே காட்சிக்கூடம். வேலைக் கருவிகளும் சமையற் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன. கோப்பி முதன்முதல் வேரூன்றிய சிங்ஹபிட்டிய இருந்ததும் இதே கம்பளைப் பகுதியில்தான் என்பதை நினைத்துக்கொண்டு உள்ளே சென்றால் அவ்வறைகளின் பொருள் இன்னும் ஆழமாகும்.

அங்கே என் மாணவரின் நடத்தை என்னைச் சிந்திக்க வைத்தது. நகரத்து மாணவர் சிலர் வழக்கம்போல் படமெடுத்தனர். தோட்டத்துப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளோ பையை விட்டு வெளியே வரவில்லை. “படம் எடுக்கவில்லையா?” என்று ஒருவனைக் கேட்டேன். “வீட்டுலயே இருக்கு, சேர்” என்றான். அம்மியையும் குந்துமேடையையும் காம்பராவின் சுவரையும்தான் அவன் குறிப்பிட்டான். நூதனசாலை என்பது கடந்துபோன வாழ்வின் எச்சங்களைக் காப்பது என்பதே நம் இலக்கணம். இங்கே அவ்விலக்கணம் உடைந்து விழுகிறது. லயத்தைக் காட்சிப்பொருளாக்கிய அதே மலையில், காட்சிப்பொருளாகாத லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சுற்றுலாப் பயணியின் கைத்தொலைபேசிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் வாயிலில் விளக்கக் குறிப்பு இருக்கிறது, மற்றதன் வாயிலில் உலர்ந்துகொண்டிருக்கும் பள்ளிச் சீருடை இருக்கிறது.

அம்மாணவனின் விடையில் சலிப்பு மட்டும் இருந்ததாக நான் கருதவில்லை. தன் வாழ்க்கை படமெடுக்கத்தக்கதன்று என்ற தாழ்வுணர்ச்சியும் அதில் ஒலித்தது. அவ்வுணர்ச்சிக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. சார்ள்ஸ் ஸ்கோவென் என்ற ஆங்கிலேயர் 1870களில் கண்டியில் படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். தோட்டங்களும் கொழுந்து பறிக்கும் பெண்களும் அவர் போன்றோரின் கண்ணாடித் தகடுகளில் பதிந்து, விலைக்கு விற்கும் படங்களாகி, பின்னர் தபாலட்டைகளாகவும் கடல் கடந்து சென்றனர். பிரசித்தி பெற்ற ஜூலியா மார்கரட் கமரன் அம்மையாரும் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறக்கும்வரை தோட்டத் தொழிலாளர் சிலரைப் படமெடுத்தார். அவருடைய கலைத்திறனை மறுப்பதற்கில்லை. அம்முகங்களில் கண்ணியம் இருக்கிறது. ஆயினும் அக்காலப் படங்களின் கீழே காணப்படுவது பெரும்பாலும் ‘தமிழ்ப் பெண்’, ‘கூலி’ என்ற வகைப்பெயர்தான். படமெடுத்தவர் பெயர் காப்பாற்றப்பட்டது. படத்தில் நின்றவர் பெயர் போய்விட்டது. இன்றும் சில சுற்றுலாத் தலங்களில் வருவோர் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பவராக நடித்துப் படமெடுத்துக் கொள்கின்றனர். அருகில் உண்மையிலேயே கொழுந்து பறிப்பவளின் பெயரைக் கேட்பவர் அரிது.

தொழிலாளர் குடும்பங்கள் தமக்காக எடுத்துக்கொண்ட படங்கள் எத்தனை? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. நான் அறிந்த சில வீடுகளில் பாட்டன், பாட்டிக்கு எஞ்சியிருக்கும் ஒரே படம் அக்காலத்து விண்ணப்பப் பத்திரத்துக்கென எடுக்கப்பட்ட சிறிய படம்தான். அரசு கேட்டது, ஆகவே எடுத்தனர். இந்நிலையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கையில் இன்று தனக்கென ஒரு படக்கருவி இருக்கிறது. யாரும் கேளாமலே தன் பாட்டியை, தன் காம்பராவை, தன்னை அவள் படமெடுக்கலாம். இதனைச் சிறிய விஷயமாக எண்ணும் ஆசிரியர், கைத்தொலைபேசியை வாயிலில் வாங்கி வைக்கும்போது வேறெதையும் சேர்த்து வாங்கி வைக்கிறோமா என்று சற்றே யோசிக்க வேண்டும்.

ஆகவே தடை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண்டபடி எடுப்பதிலும் உடன்பாடில்லை. இவ்வாண்டு ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு நூதனசாலையிலும் மாணவர் ஒருவருக்கு மூன்று படங்களே. முழுப் பொருளை எடுத்தல் கூடாது. ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுக்கவேண்டும். எடுத்த பகுதியை ஏன் தெரிந்தேன் என்று மூன்று வரி எழுதவேண்டும். விளக்கக் குறிப்பைப் படமெடுத்தால் அதனை அங்கேயே நின்று பக்கத்திலுள்ளவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும். முதலில் முணுமுணுப்பு எழுந்தது. உடன்படிக்கைப் பிரதியின் முன்னால் ஒரு மாணவி கையொப்பங்களை மட்டும் நெருங்கி எடுத்தாள். “தமிழ் எழுத்து மாதிரி இருக்கே, சேர்?” என்று அவள் கேட்ட கேள்வி, ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

நூதனசாலையே இல்லாத இடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஹேவாஹெட்டப் பகுதியில் லூல்கந்துரா தோட்டம் இருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். அவர் அமர்ந்திருந்ததாகக் காட்டப்படும் கல்லிருக்கையில் இன்று பயணிகள் அமர்ந்து படமெடுத்துக் கொள்கின்றனர். 1892இல் அவர் இறந்தபோது தொழிலாளர் அவருடைய உடலைக் கண்டிக்குச் சுமந்து வந்தனர் என்பதும், மகாய்யாவ இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது என்பதும் வழிகாட்டி நூல்களெல்லாம் கூறும் செய்திகள். சுமந்தவர்களின் பெயர்களை அந்நூல்கள் கூறுவதில்லை.

அதே ஹேவாஹெட்டப் பகுதியில் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. கூலியுயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி அங்கே கொல்லப்பட்டார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் அப்பெயரை அறியாதவர் இல்லை. அவ்வழியே செல்லும் மாணவனின் கைத்தொலைபேசிக்கு அங்கே தேயிலைச் செடிகளும் மூடுபனியும் கிடைக்கும். மிக அழகான படங்களும் கிடைக்கும். கோவிந்தன் அப்படங்களில் அகப்படமாட்டார். அவரை அறிய வேண்டுமாயின் யாராவது சொல்லவேண்டும், யாராவது கேட்கவேண்டும்.

சொல்லை நழுவவிடும் இதே கருவிக்குச் சொல்லைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் உண்டு என்பதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம். ஒலிப்பதிவு செய்யும் வசதி ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. நூதனசாலையில் அதனைப் பயன்படுத்தும் மாணவனை நான் கண்டதில்லை. பாரதெக்கவில் ‘வீட்டுலயே இருக்கு’ என்ற மாணவனிடம், வீட்டில் இருப்பதைப் பற்றிப் பாட்டி சொல்வதைப் பதிந்து வரும்படி கேட்டேன். அடுத்த வாரம் பதினொரு நிமிட ஒலிப்பதிவோடு வந்தான். அம்மியில் தொடங்கிய பாட்டி, மழைநாளில் தலையில் போர்த்திய கம்பளியைப் பற்றிச் சொல்லி, நிறுவையில் இறாத்தல் கணக்கைக் குறைத்த கணக்கப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனோடு வாதாடி ஒருநாட் சம்பளத்தை இழந்த நான்கு பெண்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறார். நடுவே கோழியொன்று கத்துகிறது. மூன்றாவது பெயரில் சற்றுத் தயங்கி, “அவ இந்தியாவுக்குப் போயிட்டா” என்று கூறிவிட்டு நான்காவது பெயருக்குப் போகிறார்.